பாவனபட்டணத்தைப் பார்க்காமலே எழுதியவர்

என் அத்திம்பேர் ஆராவமுதன் கடலைப் பார்த்ததே கிடையாது. மல்லேஸ்வரத்தில் உட்கார்ந்துகொண்டு, தெலுங்குச் சீமையில் வடசர்க்கார் கடற்கரையிலுள்ள பாவனபட்டணம் நகரசபையைப் பற்றி ஐம்பது பக்கப் புத்தகம் ஒன்று எழுதி அச்சுப் போட்டார். ஏன் அந்த ஊர் என்று கேட்காதீர்கள். தண்டு என்கிற கண்டோன்மெண்ட் பக்கம் பழைய புத்தகக் கடையில் அந்த நகரசபையின் நிர்வாக ரிப்போர்ட் கிடைத்தது. பென்ஷன் வாங்கிய மனிதருக்குப் பொழுது போகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஏழு தாலுகாவுக்கும் அந்த ஊர்தான் வாசலாம். நெல்லும் ஆமணக்கும் சணலும் அங்கேதான் கப்பல் ஏறுமாம். கலங்கரை விளக்கம், கோர்ட்டு, குழாய்த் தண்ணீர், எட்டுப் படுக்கையும் லேடி டாக்டரும் உள்ள ஆஸ்பத்திரி. ஜில்லாவுக்கே திலகம் என்று முடித்திருந்தார். நாலு பேர் 'பேஷ்' என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

இவர் மைசூர் சர்க்காரில் முப்பது வருஷம் ரிப்போர்ட் எழுதியவர். எப்படி எழுதினார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷத்து ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருஷத்தை மட்டும் மாற்றி நகலெடுப்பார். இடிந்து விழுந்த சத்திரம் ஒன்று இவர் பேனாவில் பதினாறு வருஷம் நல்ல நிலைமையில் இருந்தது. அப்பேர்ப்பட்டவருக்கு, பாவனபட்டணத்திலும் ஒரு ஆராவமுதன் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

1927-இல் அந்த ஊர்ச் சுங்க ஆபீஸ் குமாஸ்தா ஒருவனின் ஜாதகம் வந்தது. நேரில் போய் விசாரிப்பதற்குப் பதில் தம் புத்தகத்தையே புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரே பெண் ரமாவைக் கொடுத்துவிட்டார்.

புக்ககம் போன மாதமே ரமா எழுதினாள்: துறைமுகம் மண் மூடிக் கிடக்கிறது, கப்பல் வருவதில்லை, தண்ணீரில் உப்பு. அத்திம்பேர் பதில் போட்டார், தம் புத்தகத்தின் பக்க எண்ணோடு. அவள் மறுபடியும் எழுதினாள். இவரும் மறுபடியும் பக்க எண் போட்டார்.

அவள் உண்டான பிறகுதான் எனக்கு வயிறு எரிந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஏழாம் மாதம் போய் அழைத்து வருவது வழக்கம். தவறினால் எட்டாம் மாதம் பிரயாணம் கூடாது. பெண் வந்து நிஜத்தைச் சொன்னால் புத்தகம் பொய் என்று தெரு பேசுமே என்று இவருக்குப் பயம்.

"அங்கேயே லேடி டாக்டர் இருக்கறச்சே எதுக்கு அவளை அலைக்கழிக்கணும்?" என்றார்.

"எந்த ஆத்துல இப்படி நடக்கும்? அவ எழுதறதைப் படிக்கறேளா இல்லையா?" என்று அக்கா அழுதாள்.

"எழுதுவா. சின்னப் பொண்ணு. சொல்ப நாள்ல பழகிடும்."

ஏழாம் மாதம் போயிற்று. ஒன்பது பிறந்த அன்றே, அவரைக் கேட்காமல் நானும் அக்காவும் ரயில் ஏறினோம். சென்னை தாண்டி ஒரு நாள், பிறகு மாட்டு வண்டி. மணல்மேட்டுக்கு நடுவில் சுங்க ஆபீஸ். மாப்பிள்ளை வேலையில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக் கதவில் பூட்டு, வராந்தாவில் ஆடுகள். ரமா கால் வீங்கி, முகம் வெளுத்துப் போயிருந்தாள். வழியிலேயே வலி கண்டுவிடுமோ என்று பயந்து பயந்து கொண்டுவந்து சேர்த்தோம்.

ஜட்காவிலிருந்து இறங்கிய பெண்ணிடம் அத்திம்பேர் கேட்ட முதல் கேள்வி, "லேடி டாக்டர் லீவுல போயிருக்காளா?" என்பது.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாளாம்ப்பா."

"இல்லையே, ரிப்போர்ட்ல..." என்று ஆரம்பித்தார்.

ரமா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை.

"யாரோ முகம் தெரியாதவன் எழுதினதை நம்பினேள். நான் பதினோரு கடுதாசி எழுதினேன்ப்பா. அதுல ஒண்ணையாவது நம்பியிருக்கலாமே."