நடப்பவர்களுக்கு ஐந்தடி

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. நம் கடைத்தெருவில் ஒரு கான்ஸ்டபிள், மீன்காரி மிக்கேலம்மாளை மறித்து நிறுத்தினார்.

என்ன குற்றம்? நடந்ததுதான்.

சரியாகச் சொல்வதென்றால், கோட்டுக்கு வெளியே நடந்தது. தலையில் சாளை மீன் நிறைந்த கடகப்பெட்டி. பின்னால் துறைமுகத்துக்குப் பஞ்சுப் பொதி ஏற்றிப் போகும் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி பிரேக் போட்டு நின்றது. லாரிக்காரனைக் கான்ஸ்டபிள் ஒன்றும் கேட்கவில்லை.

"ஏளா, தண்டோரா போட்டது காதுல விழலையா? கோட்டுக்குள்ள போ. நாளைக்கும் வெளிய கண்டேன்னா பெட்டியப் புடுங்கிருவேன்!"

"கோட்டுக்குள்ள எங்கன போக? எடத்தக் காட்டும், போறேன்" என்றாள் அவள்.

கான்ஸ்டபிள் காட்டவில்லை. நான் எதிர்ச்சாரியில் நின்றிருந்தேன். என்னைக் கேட்டிருந்தாலும் காட்டியிருக்க முடியாது.

கோட்டின் கதை இதுதான். உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல், கரிப்புகையில் இருமிக்கொண்டு ஒன்றிரண்டு லாரிகள் ஓடின. சண்டை முடிந்தது, பெட்ரோல் வந்தது, லாரிகளும் கூட்டமாக வந்துவிட்டன. ஏற்கெனவே மாட்டு வண்டிகள். கால்நடையாக வருகிறவர்கள் பாடு திண்டாட்டம். நகரசபை யோசித்தது... அபூர்வமாக, நல்லபடியாகவே யோசித்தது. கடைப்படியிலிருந்து ஐந்தடி தள்ளி, தெருவின் இரு பக்கமும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சுண்ணாம்புக் கோடு. உள்ளே மனிதர்கள், வெளியே வண்டிகள். மீறினால் நடவடிக்கை.

அழகான பிளான். நானே இந்தப் பத்திரிகைப் பத்தியில் பாராட்டி எழுதினேன். ஒரு வாளி சுண்ணாம்பில் ஒரு தெருவையே திருத்திவிட்டார்கள் என்று எழுதியதாக ஞாபகம். வாசகர்கள் மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

நடந்தது என்ன? கடைக்காரர்கள் கோட்டைப் பார்த்தார்கள். தங்களுக்குப் போட்டுக் கொடுத்த எல்லை என்று எடுத்துக்கொண்டார்கள்!

முன்பும் சரக்கை வெளியே வைத்தவர்கள்தான். இரண்டடி, மிஞ்சினால் மூன்றடி. அதிலும் ஒரு கூச்சம் இருந்தது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் தலை தெரிந்தால் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கோடு விழுந்த மறுநாள் கூச்சம் போய்விட்டது. காலையில் கடை திறந்ததும் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கடை மேல் பரப்பினார்கள். அதன் மேல் சரக்கு. மிளகாய் மூட்டை, ஓலைப்பாய், பித்தளைக் குடம், கருப்பட்டி... எல்லாம் கோடு வரை. கோட்டை ஒரு விரற்கடை தாண்டவில்லை. அவ்வளவு சட்டத்துக்கு அடங்கிய மனிதர்கள்!

அன்றே கருப்பட்டிக்கடை சுடலைமுத்து அண்ணாச்சியிடம் கேட்டேன். "கோடு நடக்கறவங்களுக்குல்லா போட்டது?"

"என்ன வே பேசுதீரு? முனிசிபாலிட்டியே அளந்து போட்டுக் குடுத்திருக்கு. ஒரு அங்குலம் தாண்டியிருக்கனா? குனிஞ்சு பாரும்."

குனிந்து பார்த்தேன். தாண்டவில்லை.

"அப்ப ஜனங்க எங்கன நடக்கது?"

"ரோட்டுல நடக்கட்டும். ரோடு பின்ன எதுக்கு இருக்கு?"

லாரிக்கு ரோடு, சரக்குக்குக் கோடு. காலுக்கு?

பின்தெரு வழியாகச் சுற்றிப் போகலாமே என்று மிக்கேலம்மாளிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் வாடிக்கைக்காரர்கள் எல்லாம் கடைத்தெருவின் மாடி வீடுகளில் இருக்கிறார்கள். கீழே நின்று குரல் கொடுத்தால் எட்டிப் பார்த்துக் கூடையை இறக்குவார்கள். பத்து மணி வெயிலுக்கு மேல் சாளை குழைந்துவிடும். பெட்டியைப் பிடுங்கினால் அன்றைக்கு அவள் வீட்டில் உலை ஏறாது. வீட்டில் நான்கு வயிறு.

புதன்கிழமை காலை, அதே பெட்டி, அதே தெரு. அவள் கோட்டுக்கு வெளியே ஓர் அடி கூட வைக்கவில்லை.

உள்ளே நடந்தாள்.

பாத்திரக்கடைக் குடங்களுக்கு நடுவே நுழைந்தாள். நாலைந்து உருண்டன. பாய்க்கடையில் விரித்திருந்த பாய்கள் மேல் நடந்தாள். அண்ணாச்சி கடை முன்னால் கருப்பட்டிச் சிப்பங்கள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சும்மாட்டை ஒரு கையால் சரிசெய்துகொண்டு, மேலே ஏறினாள். பெட்டியிலிருந்து சாளைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சிப்பங்கள் மேல்...

"ஏளா! ஏளா! எங்க ஏறுத? எறங்கு!"

"எதுக்கு அண்ணாச்சி கத்துதீய? கோட்டுக்குள்ளதான வாரேன்."

"மீன்தண்ணி ஒழுகுதுளா! கருப்பட்டியெல்லாம் நாறிப் போவும்!"

"மீனுல மீன்தண்ணிதான் ஒழுகும். பன்னீரா ஒழுகும்? எறங்குனா பெட்டியப் புடுங்குவேன்னு சொல்லிருக்காரு. அந்தா நிக்காரு, அவருகிட்டக் கேளுங்க."

கான்ஸ்டபிள் கோட்டைப் பார்த்தார். மிக்கேலம்மாளின் கால்களைப் பார்த்தார். கால்கள் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தன. சட்டம் ஒழுங்காக நடந்து போய்க்கொண்டிருந்தது. பாவம், என்ன செய்வார் மனிதர்?

வியாழக்கிழமை அதே வழியில் நான்கு பெட்டிகள் வந்தன. வெள்ளிக்கிழமை பதினொன்று. நானே எண்ணினேன். கருப்பட்டி வாங்க வந்தவர்கள் சிப்பத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். சனிக்கிழமை காலை சுடலைமுத்து அண்ணாச்சியும், பக்கத்தில் மூன்று கடைகளும் சரக்கைப் படி வரைக்கும் உள்ளே இழுத்துவிட்டார்கள். மனம் மாறி அல்ல, மூக்கு தாங்காமல். எப்படியானால் என்ன? நான்கு கடை நீளத்துக்கு முழு ஐந்தடி கிடைத்தது. அதில் நானும் நடந்து பார்த்தேன். பின்னால் ஹாரன் கேட்டும் திரும்பாமல் நடப்பது எவ்வளவு சுகம் தெரியுமா?

கதை இதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. மற்றக் கடைக்காரர்கள் ஒன்றுகூடி மனுக் கொடுத்திருக்கிறார்கள். மீன்பெட்டி சுமப்பவர்கள் இனிக் கடைத்தெருவில் நடக்கக் கூடாதாம். வரும் திங்கட்கிழமை பகல் நகரசபை மீட்டிங்கில் மனு வருகிறது. நிறைவேறினால் மிக்கேலம்மாளுக்கு அந்த மாடி வீட்டு வாடிக்கை போய்விடும். ஒரு கவுன்சிலர் என்னிடம், "இதிலே என்ன சார் தப்பு? நாற்றம் தாங்கலையே" என்றார்.

தப்பு இருக்கிறது, கவுன்சிலர் அவர்களே. கோடு போட்டீர்கள், அதற்குள் இருக்கும் ஐந்தடிக்குக் காவல் போடவில்லை. சரக்கைத் தள்ளி வைக்கச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. சுமையோடு வந்தவளைத் தள்ளிப் போகச் சொல்ல உடனே வருகிறது. இன்றைக்கு மீன்பெட்டி என்றால் நாளைக்குத் தண்ணீர்க் குடம் இடைஞ்சலாகத் தெரியும். அப்புறம் இடுப்பில் பிள்ளையோடு வருகிறவள். கடைசியில் தெருவில் நடக்க யார் மிச்சம்? கவுன்சிலரா? அவர் குதிரை வண்டியில் அல்லவா போகிறார்!

தெருவில் இடம் இருக்கிறதா இல்லையா என்பதை எஞ்சினியரின் டேப் சொல்லாது. தலைச்சுமையோடு வருகிற ஒருத்தி எங்கேயும் நிற்காமல், ஒதுங்காமல், இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக முடிகிறதா? அதுதான் அளவு. அந்த அளவுக்கு ஒரு விரற்கடை குறைந்தாலும் ஒப்புக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று நேற்று மிக்கேலம்மாளிடம் சொன்னேன். பெட்டியை இறக்காமலேயே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எழுதுங்க அண்ணாச்சி, வேண்டாங்கல. அவுக சுண்ணாம்புல எழுதுனாக, நீங்க மையில எழுதுதீய. நடக்கது நாங்கல்லா? திங்கக்கெழம காலையில, மீட்டிங்குக்கு முன்னால, பதினோரு பெட்டியும் சேந்து கோட்டுக்குள்ள நடந்து போறோம். கூட வாரீயளா?"

வருவதாகச் சொல்லிவிட்டேன். உங்களையும் சேர்த்துத்தான் சொன்னேன்.