நந்தினி எழுதிய விண்ணப்பம்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பள்ளியை விட்டு அனுப்பினேன். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தாள்... அவ்வளவுதான்.

உங்களிடம் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. அரசுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன்பே, தேறாத பிள்ளைகளைக் கழித்துவிடுவோம். அப்போதுதான் வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்ட முடியும். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டுச் சேர்க்கை! தாளாளர் அந்த நூறைக் கேட்டார். அந்த மாணவி நந்தினியின் பெயரை அவருக்கு எழுதிக் கொடுத்தவள் நான்.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் அவள் முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு நான்கு மதிப்பெண் குறைவு. மாலையில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் தேறியிருப்பாள். நானே கணக்கு ஆசிரியைதானே! அதைக்கூடச் செய்யாமல் என்ன தலைமை வேண்டிக்கிடக்கிறது எனக்கு?

அவள் அம்மா சரசுவை வரவழைத்தேன். தேங்காய்க் களத்தில் கூலி வேலை செய்பவள். சேலையில் நார் ஒட்டியபடியே வந்தாள். இவள் தேற மாட்டாள், இப்போதே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் வேறு பள்ளியில் சேரலாம் என்றேன். பட்டியல் போகிற நேரத்தில் எவரும் சேர்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்... சரசுவுக்குத் தெரியாது.

விலகுவதாகப் பெற்றோரே எழுதித் தர வேண்டும். சரசுவுக்கு எழுத வராது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நந்தினியையே உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன்!

‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்றபோது அவள் பேனா நின்றது.

“எங்க ஊட்டுல அப்பிடி ஒண்ணுமில்லீங்களே, மிஸ்.”

இப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றேன். எழுதினாள். சரசு கைநாட்டு வைத்தாள். அந்த ஆண்டு நூறு வந்தது. மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், குனிந்து வாங்கிக்கொண்டேன்.

சென்ற ஜூனில் சரசு மறுபடி வந்தாள், இளைய மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க. பெரியவளைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். இரண்டு பள்ளிகள் ஏறி இறங்கினார்களாம், சேர்க்கவில்லையாம். இப்போது நூல் மில்லுக்குப் போகிறாளாம்.

“தனியாப் பரீட்சை எழுது கண்ணுன்னு சொல்லிப் பாத்தனுங்க. ‘மிஸ்ஸே சொல்லிட்டாங்க, எனக்குப் படிப்பு வராது’ன்னு சொல்லிப்போட்டாளுங்க. நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்?”

ஐயோ... அப்போதாவது சொல்லியிருக்கலாம்! நான் சொன்னது பொய், உன் மகள் தேறியிருப்பாள், இப்போதும் எழுதினால் தேறுவாள் என்று. வாய் வரை வந்தது. அறையில் வேறு பெற்றோர் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் என் பெயர் என்ன ஆகும் என்று யோசித்தேன்... ஆம், அந்த நேரத்திலும் அதைத்தான் யோசித்தேன்.

இளையவளின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டேன்.

சரசு எடுத்துக் கொடுத்தாள். “இவளையும் நீங்கதானுங்க பாத்துக்கோணும்” என்று கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.