தலைக்கும் தோயலாமே

எங்கள் பக்கத்தில் குளிப்பதையும் தோய்தல் என்போம். பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெயில் அமிழ்த்தி இறுக வைப்பதையும் தோய்தல் என்போம். இத்தனை வயதுக்கும் அந்தச் சொல்லால் எனக்கு ஒரு இடைஞ்சலும் வந்ததில்லை.

என் மகளுக்கு இருபத்தாறு வயது. துறைமுகத்துப் பக்கம் படகு இயந்திரங்கள் திருத்துகிறாள். வீட்டின் பின்புறத் தகரக் கொட்டிலில் லொறியின் பழைய பிரேக் ட்ரம்மை உலையாக்கி, தண்டவாளத் துண்டொன்றைப் பட்டடையாக வைத்திருந்தாள். அதில் வேலை செய்வதற்கான உளிகளையும் தானே செய்யத் தொடங்கியிருந்தாள்.

அன்று அவளுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டாம் நாள். படுத்திரு என்றேன். கேட்கவில்லை. காலையிலேயே உலையின் ஊதி இரையத் தொடங்கிவிட்டது. நான் குசினியில் கஞ்சி காய்ச்சினேன்.

"அப்பா, கஞ்சியோ பசையோ? நோட்டீஸ் ஒட்டப் போறியளோ?"

"முதல்ல குடிச்சிட்டுக் கதை."

கஞ்சியைக் குடித்துவிட்டுக் கொட்டிலுக்குத் திரும்பினாள். பிறகு அங்கிருந்து கேட்டாள்: "அப்பா, தலைக்கும் தோயலாமே?"

நான்கு நாளாகத் தலை நனைக்காதவள். நாறுது, நாறுது என்று முதல்நாள் முழுக்க முறைப்பாடு.

"ஓம் ஓம், இனி ஒண்டும் செய்யாது. நல்லாத் தோய்."

எண்ணெயில் இரும்பு இறங்கும் சீறல் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை கேட்டது. முதலாவது, உளியின் வெட்டும் வாய்க்கு. இரண்டாவது, சுத்தியல் அடி வாங்கும் தலைக்கு. அந்த இரண்டாவது சீறலின்போது நான் அவள் குளிக்க வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

இளவயதில் பட்டறையொன்றில் களஞ்சியப் பொறுப்பில் இருந்தவன் நான். உளியின் தலையை இறுக விடக்கூடாது, அடிபட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தவன் என்றுதான் என்னைக் கேட்டிருக்கிறாள்.

பிறகு அவள் உளியின் வாயை மட்டும் மினுக்கி, இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் வரும்வரை வைத்து, மிஞ்சிய இறுக்கத்தைத் தணித்தாள். தலையை இறுகியபடியே விட்டுவிட்டாள்.

வெந்நீர் வாளியோடு கொட்டில் வாசலுக்குப் போனேன். சிவந்த கம்பியின்மேல் உளியைப் பிடித்திருந்தாள். வேர்வையில் ஆவி படிகிறதென்று பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள்.

"தண்ணி வைச்சிட்டன், வந்து தோய்."

"எனக்கேன் தண்ணி? நான் உளியையெல்லே கேட்டனான்!"

சிரித்தபடிதான் சொன்னாள். சுத்தியல் ஏற்கெனவே மேலே போயிருந்தது. "அடிக்காதை" என்ற சொல் என் தொண்டைக்கு வருவதற்குள் அது இறங்கிவிட்டது.

சத்தம் வழமையானதல்ல. கண்ணாடி உடைந்ததுபோல் இருந்தது. எந்தச் சுத்தியலுக்கும் அசையாமல் வேலியோரம் மேய்கிற எங்கள் ஊர்த் தெரு மான்கள் ஒரே நேரத்தில் தலை தூக்கின. அவள் இடது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அப்பா, ஒண்டுமில்லை" என்றாள். விரல்களுக்கிடையே இரத்தம் வந்தது.

அரிசிமணியில் பாதி அளவான துண்டு. ஆஸ்பத்திரியில் அதைக் கண்ணிலிருந்து எடுத்தார்கள். கட்டு மாற்றும்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் என் உருவமும் தெரிவதாகச் சொன்னாள். முகம் தெரியவில்லை. மிச்சம் போகப்போகத்தான் தெரியும் என்கிறார் வைத்தியர்.

வீட்டுக்கு அனுப்பும்போது தாதி மருந்துகளைக் காட்டிச் சொல்லிவிட்டு, கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஐயா, முக்கியமான விசயம். தலைக்குத் தோயக் கூடாது."

"எதை?" என்றேன்.

தாதி என்னை ஒருமாதிரிப் பார்த்தார். மகள் கட்டுப் போடாத கண்ணால் என்னைத் தேடி, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இந்த முறை என்ரை தலைதான்."

தாதிக்கும் சேர்த்து அவளே சிரித்தாள். என்னால் ஏலவில்லை.