வலித்தால் நல்லது என்றார்கள்

இரண்டாவது சிசேரியன் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. 'பத்தே நாளில் தட்டையான வயிறு' என்ற வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே உடற்பயிற்சி செய்ய ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் தழும்பருகே சுருக்கென்று வலித்தது. ஆபரேஷன் ஆனதைச் சொல்லி, தொடரலாமா என்று வீடியோவின் கீழே கேட்டேன். "வலிச்சா நல்லதுதான் சிஸ்டர், கொழுப்பு கரையுது" என்று அந்தப் பயிற்சியாளர் பதில் போட்டார். நம்பித் தொடர்ந்தேன்.

ஒரே வாரத்தில் வயிற்றில் எலுமிச்சை அளவு புடைத்துக்கொண்டது. என் கணவர் பதறிப்போய் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார்.

"குடலிறக்கமுங்க. நல்லவேளை, குடல் சிக்கிக்கல. ஆனா இன்னொரு ஆபரேஷன் பண்ணோணும்" என்றார் டாக்டர்.

அந்த ஆபரேஷனுக்குப் பின் பல வாரங்கள் என் கைக்குழந்தையை என்னால் தூக்க முடியவில்லை. நடந்ததை அதே வீடியோவின் கீழே எழுதினேன். அரை மணி நேரத்தில் அதையும், தன் பழைய பதிலையும் அவர் நீக்கிவிட்டார்.

"உடு சாமி, போய்த் தொலையுது" என்றார் கணவர்.

"எப்படிங்க உடறது? நாளைக்கு இன்னொருத்தி இதைப் பார்த்துச் செய்வாளே" என்றேன்.

இப்போது பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்ததை மட்டுமே செய்கிறேன். எந்த வீடியோவானாலும், யார் செய்யக் கூடாது என்று முதலில் சொல்கிறார்களா எனப் பார்க்கிறேன். சொல்லாவிட்டால், புகார் பட்டனை அழுத்திவிட்டுத்தான் மூடுகிறேன்.

- கோகிலா, ராசிபுரம்