லோவெல் பிக்கட்டின் முப்பத்தேழு செல்வங்கள்

லோவெல் பிக்கட் எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனியில் மேஸ்திரி. நல்ல வேலைக்காரன் என்று பெயர். ஆனால் வயோமிங்கில் அந்தச் சின்ன ஊரில் அவனைப் பற்றி யாரைக் கேட்டாலும் வேலையைப் பற்றிப் பேச மாட்டார்கள், துப்பாக்கியைப் பற்றித்தான் பேசுவார்கள். அவன் வீட்டு நிலவறையில் முப்பத்தேழு துப்பாக்கிகள் இருந்தன. வண்டியின் பின்கண்ணாடியில் துப்பாக்கிப் படம், இடுப்பு பெல்ட்டின் கொக்கியில் துப்பாக்கி, வாசலில் 'இங்கே நாய் கடிக்காது, முதலாளி சுடுவான்' என்று ஒரு பலகை. உள்ளே என்ன இருக்கிறது என்று திருடனுக்கு இதைவிடத் தெளிவாக யார்தான் எழுதி வைப்பார்கள்!

அந்த முப்பத்தேழில் ஒன்றைக்கூட அவன் கடையில் வாங்கியதில்லை. கடையில் வாங்கினால் கடைக்காரன் அரசாங்கத்துக்கு ஃபோன் போட்டு, இந்த ஆள் யோக்கியன்தானா என்று கேட்க வேண்டும். அது லோவெலுக்கு ஆகாது. "என் யோக்கியதைய வாஷிங்டன்ல உக்காந்திருக்கற எவனோ சொல்லணுமாக்கும்!" என்று முடிவெட்டும் கடையிலும் சர்ச் வாசலிலும் நின்று முழங்குவான். அதனால் எல்லாம் துப்பாக்கிச் சந்தையில் வாங்கியவை, இல்லாவிட்டால் யாராவது கிழவன் செத்தபின் அவன் மாட்டுக்கொட்டகையில் வாங்கியவை. கையைக் குலுக்கினால் வியாபாரம் முடிந்தது. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்கினார்கள்.

பிள்ளைகள் இல்லை. மனைவி நடீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அவள் அவனுக்கு இரண்டாவது. முதல் மனைவி பெவர்லி ஒரு பல் டாக்டரோடு ஓடிப்போய்விட்டாள் என்று லோவெல் சொல்லியிருந்தான். இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

இப்படி இருக்கும்போது கம்பெனி அவனை இரண்டு வருஷத்துக்குக் கஜகஸ்தானுக்குப் போகச் சொன்னது. சம்பளம் இரட்டிப்பு. "பனி பாக்கறதுக்கு அவ்வளவு தூரம் வரணுமா? இங்க கொட்டறது போதாதா?" என்று நடீன் வர மறுத்துவிட்டாள். லோவெலுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. அவன் கவலையெல்லாம் துப்பாக்கிகளை எங்கே விட்டுப் போவது என்பதுதான்.

"எங்கயும் விட வேண்டாம். நான்தான் வீட்டுல இருக்கேனே" என்றாள் நடீன்.

"நீ இருக்கறதுதான் பயமே. காரேஜ் கதவைப் பூட்டாமத் தூங்கினது யாரு?"

"அது எந்தக் காலத்துக் கதை, லோவெல்!"

"பழைய கதைதான். ஆனா கதவு அதே கதவு."

"சரிப்பா. இத்தனையும் என்னைக் காப்பாத்தத்தான்னு சொல்லிட்டே இருப்பியே. இப்ப நான் தனியா இருக்கப் போறேன். எனக்கு ஒண்ணாவது விட்டுட்டுப் போகக் கூடாதா?"

லோவெல் நிஜமாகவே யோசித்தான். ஒன்றை எடுத்தால் சேகரிப்பில் ஓட்டை விழுமே என்று வயிறு எரிந்தது. "கிச்சன் அலமாரில கரடிக்கு அடிக்கற ஸ்ப்ரே இருக்கு பாரு. மனுஷனுக்கும் அது நல்லா வேலை செய்யும்" என்றான்.

பிறகு ஊரெல்லாம் இடம் தேடினான். தம்பி டுவைட் குடித்தால் எதையும் விற்பவன், அவன் சரிப்பட மாட்டான். வாடகைக் கொட்டகையில் எலி இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் வைக்கலாமே என்று யாரோ சொல்ல, அவரோடு லோவெல் ஒரு மாசம் பேசவில்லை. கடைசியில் ஹஸ்கல் கடைதான் வாய்த்தது. ஹஸ்கல் லைசென்ஸ் வைத்துத் துப்பாக்கி விற்கிறவர், லோவெலோடு வேட்டைக்குப் போகிற சிநேகிதர். கடையின் பின்னால் கான்கிரீட்டில் ஒரு ஸ்ட்ராங் ரூம் கட்டியிருந்தார். இரும்புக் கதவு, அலாரம், ஈரம் உறிஞ்சும் மெஷின் எல்லாம் உண்டு. அதைப் பார்த்ததும் லோவெலுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தன்றுகூட அந்தக் கண் கலங்கியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"ஒரு விஷயம். உள்ள வந்துட்டா அது என் கணக்குல ஏறிடும். திருப்பி எடுக்கறப்ப உன் பேருக்கு நான் ஃபோன் போட்டுக் கேக்கணும். சட்டம்யா அது" என்றார் ஹஸ்கல்.

"என்னோடதை என்கிட்டத் தர்றதுக்கா?"

"ஆமா."

"போட்டுக்கோய்யா. என்னைப் பத்திக் கேட்டா ஃபோன் எடுக்கறவன் எழுந்து நின்னு பதில் சொல்லுவான்" என்று லோவெல் சிரித்தான்.

அடுத்த இரண்டு வாரம் வீட்டில் எண்ணெய் நாற்றம் தாங்கவில்லை. ஒவ்வொரு குழலையும் துடைத்து எண்ணெய் பூசினான். சுடுவதற்கு வேண்டிய பாகத்தைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைத்தான். நடீன் தன் நல்ல ஃபிளானல் போர்வைகளை வெட்டி ஒவ்வொன்றுக்கும் உறை தைத்துக் கொடுத்தாள். அவளுக்கு மிஞ்சியது ஒரே போர்வை. அதையும் வண்டியில் துப்பாக்கிகளுக்கு அடியில் விரித்துக்கொண்டான். பள்ளத்தில் இறங்காமல் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிப் போய் ஹஸ்கலிடம் ஒப்படைத்தான். இத்தனை ஜாக்கிரதையாகச் செய்துவிட்டு, சர்ச்சில் நடந்த வழியனுப்பு விருந்தில் வாய் நிறைய உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு எல்லாம் எங்கே இருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொன்னான். சொல்லாமல் இருந்தால் அவனுக்கு வயிறு வெடித்திருக்கும். விமான நிலையத்தில் நடீனிடம் விடைபெறும்போது, "வாராவாரம் ஹஸ்கல் கடைக்குப் போய்ப் பாரு" என்பதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் வந்தது. "ஈரம் எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பான். நடீன் முதலில் வீட்டு நிலவறையைக் கேட்கிறானோ என்று நினைத்தாள், பிறகு பழகிவிட்டது. ஒருமுறை எவனோ குடிகாரன் வந்து வீட்டுக் கதவை உடைக்கப் பார்த்தான், கரடி ஸ்ப்ரேயைக் கையில் பிடித்தபடி குளியலறையில் ஒளிந்திருந்தேன் என்று அழுதுகொண்டே சொன்னாள். "அவன் ஹஸ்கல் கடைப் பக்கம் போகலையே?" என்று கேட்டான் லோவெல்.

ஒப்பந்தம் முடிந்து வந்திறங்கியவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. "நேரா கடைக்கு விடு" என்றான். நடீன் வண்டியைக் கடைக்கு விட்டாள்.

ஹஸ்கல் அவனைக் கட்டிப்பிடித்தார், காப்பி ஊற்றிக் கொடுத்தார், பிறகு ஃபோனை எடுத்து அவன் பேரையும் பிறந்த தேதியையும் சொன்னார். லோவெல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஹஸ்கல் இரண்டு தரம் "சரியாப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தார்.

"தரக் கூடாதுங்கறான்."

"எவன்?"

"வாஷிங்டன்ல. உன் பேருல தடை இருக்காம்யா."

லோவெல் மேஜையை ஓங்கி அறைந்தான். காப்பி சிந்தியது. "எனக்கா தடை? வேற எவனோ பிக்கட்டா இருக்கும்!"

"காரணத்தை எனக்குச் சொல்ல மாட்டான். பெரிய கேஸ்ல உள்ள போயிருந்தாத் தடை போடுவான். நீ போகல. கஞ்சா கேஸா?"

"அடப் போய்யா, நான் பீரைத் தாண்டினதில்ல!"

"புத்தி கெட்டவன்னு கோர்ட்டு சொல்லிருக்கா?"

"என் பொண்டாட்டிதான் சொல்லுவா" என்று லோவெல் சிரிக்கப் பார்த்தான்.

"பொண்டாட்டிய அடிச்சு கோர்ட்டுல குத்தம் ஒத்துக்கிட்டிருந்தாலும் தர மாட்டான். சின்ன கேஸா இருந்தாலும் சரி, பழசா இருந்தாலும் சரி."

லோவெலின் முகத்தில் ஈயாடவில்லை. கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தது. நடீன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெவர்லியா?" என்று கேட்டாள்.

"ஒரே ஒரு தடவைதான். அபராதம் கட்டிட்டேன். அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

"எங்க அடிச்ச?"

அவன் சிந்திய காப்பியைச் சட்டைக் கையால் துடைத்தான்.

"வாயிலயா லோவெல்? பல் டாக்டர்னியே, அதுக்காகப் போனதுதானா?"

ஹஸ்கல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, "இதை உங்கிட்ட முன்னாடியே எந்தக் கடைக்காரனும் சொல்லிருப்பான். நீதான் ஒரு கடைக்கும் போகலையே" என்றார்.

ஆனால் லோவெலுக்கு வெட்கத்தைவிட வேறொரு பயம் பெரிதாக இருந்தது. "இப்ப என் துப்பாக்கிங்க என்ன ஆகும்?"

"விக்கலாம். இல்ல, தடை இல்லாத ஆளுக்கு எழுதித் தரலாம்."

"நடீன்! நீ எடுத்துக்கோ! அவ பேர்ல போடு, ஹஸ்கல்!" சட்டென்று அவனுக்கு உயிர் திரும்பியது. "எல்லாம் வீட்டுக்கு வந்துடும். பேருக்குத்தானே!"

"பேருக்குன்னா நான் தர மாட்டேன், அது தனிக் குத்தம். அவளுதுன்னா நெஜமாவே அவளுது. சாவியும் அவகிட்ட. உன் கைக்கு எட்டற இடத்துல அது இருக்கக் கூடாது."

"நெஜமாவே எனக்கா?" என்று நடீன் கேட்டாள்.

"ஒனக்கே."

"நான் இவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாமே?"

"கொடுத்தா உள்ள போவ."

லோவெல் சொத்தை எழுதிக் கொடுத்தான். நடீன் கையெழுத்துப் போட்டாள். ஹஸ்கல் ஃபோன் போட்டார், அவளுக்கு உடனே சரி என்று பதில் வந்தது. அவரும் நடீனுமாகத் துப்பாக்கிகளை வண்டியில் ஏற்றினார்கள். லோவெல் ஒன்றைத் தூக்கப் போனபோது ஹஸ்கல், "தொடாதய்யா" என்று தடுத்தார். பெரிய வேட்டைக்காரன் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு கடை வாசலில் நின்றான்.

ஏற்றி முடித்ததும் அவன் வண்டியில் ஏற வந்தான். நடீன் உள்ளேயிருந்து அந்தக் கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலை இறக்கினாள்.

"டுவைட்டுக்கு ஃபோன் பண்ணு. அவன் வீட்டுல தங்கிக்கோ."

"எதுக்கு?"

"ஹஸ்கல் சொன்னது காதுல விழலையா? நீயும் இதுங்களும் ஒரே வீட்டுல இருக்க முடியாது."

"நடீன், என்ன வெளையாடறியா? நான் ஒன்னைத் தொட்டதே இல்லையே!"

"இல்லதான்." அவள் குரலில் கோபம் இல்லை. "ஒரு வழி இருக்கு. ஹஸ்கல் இப்பவே மொத்தமா வாங்கிப்பார், நான் கேட்டுட்டேன். சொல்லு, இறக்கிட்டு ரெண்டு பேருமா வீட்டுக்குப் போவோம். பெவர்லி கதைய அங்க உக்காந்து பேசலாம்."

லோவெல் அவளைப் பார்த்தான். வண்டியின் பின்பக்கம் ஃபிளானல் உறைக்குள் வரிசையாகப் படுத்திருந்தவற்றைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டான்.

நடீன் ஜன்னலை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.