ஆர்டிஸ் குவாமின் முதுகில் ஏறிய பை

எங்கள் ஊரில் யாரிடமும் எதையும் கேட்கலாம். மனைவி ஏன் போனாள், போன மாதம் நீதிபதி என்ன சொன்னார், அந்த மூக்கு யாரால் உடைந்தது, எல்லாம் கேட்கலாம், கேட்கிறோம். 'எல்க்கை எங்கே சுட்டாய்?' என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டவன் வீட்டுக்கு அப்புறம் யாரும் காப்பி குடிக்கப் போக மாட்டார்கள். மொன்டானாவின் இந்த மூலையில் எல்க் என்பது குதிரைக்குத் தம்பி மாதிரியான ஒரு மான். ஒன்று கிடைத்துவிட்டால் உறைபெட்டி இறைச்சியால் நிறைந்துவிடும், பனிக்காலத்தைப் பற்றிக் கவலை இல்லை.

ஆர்டிஸ் குவாம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். தனியாக இருக்கிறாள், தனியாகவே வேட்டைக்குப் போகிறாள். போன பனிக்காலத்தில் பேருந்துப் படியில் வழுக்கி விழுந்து தோளை உடைத்துக்கொண்டாள். ஸ்போகேன் நகரத்தில் இருக்கும் மகள் ஜனெல்லுக்கு, அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொள்ள அது போதுமான காரணமாக இருந்தது. தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் கம்பளம் விரித்து, கட்டில் போட்டு, சுவருக்கு அம்மாவைக் கேட்காமலே மஞ்சள் வண்ணமும் அடித்துவிட்டாள்.

"இந்த வருஷம் வேட்டைக்குப் போம்மா, வேணாங்கல. ஆனா சுட்டதை மலையிலேர்ந்து நீயே இறக்கணும். யாரையாவது கூப்பிட்டேன்னு தெரிஞ்சுது, வீட்டை வித்துட்டு இங்க வந்துடணும். சரியா?"

"அந்தக் கீழ்த்தளத்துல ஜன்னல் இருக்கா?"

"இருக்கு."

"அதுல என்ன தெரியும்?"

"பக்கத்து வீட்டுக் கார் சக்கரம்."

"சரி, நானே இறக்கறேன்."

அப்படித்தான் ஆர்டிஸ் இறைச்சி சுமக்க ஒரு முதுகுப்பை தேடக் கிளம்பினாள். பழைய பை தோளில் தொங்கும் வகை; உடைந்த தோளுக்கு ஆகாது. கனத்தை இடுப்புக்கு இறக்குகிற சட்டம் வேண்டும். சட்டத்துக்கும் பைக்கும் நடுவே இறைச்சியைச் செருக இடம் வேண்டும், கனம் முதுகோடு ஒட்டி இருந்தால்தான் மலையில் ஆள் பின்னால் சாயாமல் இருக்கலாம். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியும் என்பதற்காகத் தீவனக் கடை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற ஆண்கள் சும்மா இருந்துவிடுவார்களா? பெண் பார்க்கப் போனபோதுகூட இவர்கள் இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

"சட்டம் வளையவே கூடாது ஆர்டிஸ், அதான் முக்கியம்."

"உன் முதுகே கொக்கி மாதிரி இருக்கு ரோலோ, சட்டம் நேரா இருந்து என்ன பண்ணப் போகுது? கடைசியா நீ எப்போ மலை ஏறினே?"

"நான் இங்க இருந்தே சொல்லுவேன்."

கடையில் தொங்கிய ஒவ்வொரு புதுப் பையிலும் மாட்டுக்கு வைக்கிற உப்புக்கட்டியை ஏற்றிக்கொண்டு வாசல்வரை நடந்தாள். ஒவ்வொன்றும் வாசலை எட்டுவதற்குள் தோள் அழுதது. எல்லாம் ரோலோ அளவு ஆம்பிளைக்குத் தைத்தவை.

கடைசியில் தேவாலயத்துக் கீழறையில், பழைய சாமான் விற்பனையில், அது கிடைத்தது. வெளிறின பச்சைத்துணி, அலுமினியச் சட்டம். கொண்டுவந்து கொடுத்தவன் வேலிக் கம்பி கட்டும் டார்பி சட்டர். அவன் அங்கேயே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தானே இருக்கு டார்பி, ஏன் குடுக்கறே?"

"எனக்கு ரொம்ப லேசா இருக்கு."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அதில் எதை எங்கிருந்து தூக்கினான் என்று அவள் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரி, கேட்பாளா?

மாட்டிப் பார்த்தாள். யாரோ பின்னால் நின்று மேல்கோட்டைப் போட்டுவிடுவதுபோல் அது தானாக உட்கார்ந்தது. ஒரு வாரைக்கூட இழுக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் உப்புக்கட்டியை ஏற்றிக்கொண்டு எடைக்கருவியில் நின்றாள். முள் உப்பின் கனத்தை ஒழுங்காகக் காட்டியது. முதுகு எதையும் காட்டவில்லை. நாய் மட்டும் பையைப் பார்த்துக் கதவோரம் போய், மூக்கைச் சுவரில் வைத்துப் படுத்துக்கொண்டது.

"போடா பைத்தியம்," என்றாள் ஆர்டிஸ். ஆனாலும் பையைக் கொண்டுபோய் வண்டிக்கொட்டகையில் தொங்கவிட்டாள்.

நவம்பரில் ஒரு பெண் எல்க் கிடைத்தது. எங்கே என்று நானும் கேட்கவில்லை. முகட்டுக்கு மேலே என்றுதான் சொன்னாள். அறுத்து, துணிப்பைகளில் கட்டி, மற்றதை மரத்தில் உயரத் தொங்கவிட்டு, முதல் நடைக்கு ஒரு பின்னந்தொடையை ஏற்றினாள். அவளுடைய பிக்கப் வண்டி வடக்குச் சரிவின் அடியில், பாலத்தருகே நின்றிருந்தது.

மதியம் தாண்டியதும் மேகம் மலைமேல் இறங்கியது. நான்கு மரம் தள்ளி ஒன்றும் தெரியவில்லை. சற்றுமுன்வரை கத்திக்கொண்டிருந்த காக்கைகள் சட்டென்று நின்றன. அறுத்த குடல் கிடக்கிற இடத்தை விட்டுக் காக்கை போகாது. போயிருந்தன.

புது இறைச்சி முதுகில் வெதுவெதுப்பாக இருக்கும். நடக்க நடக்க ஆறிவிடும். அன்றைக்கு அது ஆறவில்லை. கனமும் இல்லை. ஒரு கட்டையில் உட்கார்ந்து எழுந்தபோது அடியிலிருந்து ஒரு கை தாங்கித் தூக்கிவிட்டது.

"தேங்க்ஸ்," என்றாள், பழக்கத்தில். சொன்ன பிறகுதான் அங்கே யாருமில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பாதை சரியில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஓடைச் சத்தம் இடப்பக்கம் கேட்க வேண்டும், வலப்பக்கம் கேட்டது. தெற்குச் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். பாலத்தை நோக்கித் திரும்பினாள். திரும்பிய அடியிலேயே முதுகிலிருந்த தொடை முழுக்கனத்தோடு இறங்கியது. முழங்கால் மடிந்து, உடைந்த தோளில் நெருப்பு ஓடியது. தெற்கே திரும்பினாள், ஒன்றுமில்லை. வடக்கே மறுபடி முயன்றாள், தரையில் மண்டியிட்டாள்.

கத்தினால் கேட்கிற தூரத்தில் ஆள் இருக்கலாம். ஆனால் ஆள் வந்தால் மஞ்சள் சுவர், கார் சக்கரம். ஆர்டிஸ் அங்கேயே மண்டியிட்டபடி கணக்குப் போட்டாள்.

"சரிப்பா," என்றாள் முதுகுக்குப் பின்னால் இருந்ததிடம். "எங்க போகணுமோ போ. ஆனா மெதுவா. எனக்கு வயசாகுது."

அதற்கப்புறம் அவள் நடந்ததைவிட நடத்தப்பட்டாள். அவள் மூச்சுக்குச் சற்றுப் பின்னால் இன்னொரு மூச்சு வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது, ஒரு கணம் தாமதித்து.

மேகம் விலகியபோது எதிரே ஒரு வீட்டின் பின்வாசல். பகலிலும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ட்வைலா பிராண்ட்வோல்டின் வீடு. அவள் கணவன் ஹாய்ட் பல வருஷங்களுக்கு முன் எல்க் வேட்டைக்குப் போய்த் திரும்பவில்லை. போன இலையுதிர்காலத்தில்தான் எலும்பு கிடைத்தது. மலையிலிருந்து ஷெரிஃப் வண்டி, வண்டியிலிருந்து கல்லறை; வீட்டு வாசலைத் தொடவே இல்லை. அந்தச் சிறிய பெட்டியை ஆர்டிஸும் பார்த்திருந்தாள்.

ட்வைலா கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். ஆர்டிஸின் முகத்தைப் பார்க்கவில்லை. தோளுக்குமேல் பார்த்தாள்.

"இவ்ளோ நேரமா?"

ஆர்டிஸ் பை வாரைப் பிடித்தபடி படியேறினாள்.

"பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா. தரையெல்லாம் சேறாகும்."

ஆர்டிஸ் குனிந்து கயிற்றை அவிழ்த்தாள்.

"உன்னைச் சொல்லல," என்றாள் ட்வைலா.

வாசல் விட்டத்தில் இறைச்சி மாட்டும் கொக்கி ஒன்று, எண்ணெய் போட்டுத் துடைத்தபடி, காலியாக இருந்தது. தொடையை இருவரும் அதில் மாட்டினார்கள். கொக்கி முனகியது. காலிப் பையை எடுத்தபோது அது ஒரு சாதாரணப் பழைய பையின் கனம் கனத்தது.

"டார்பி பைதானே இது? இதுலதான் அவரை மலையிலேர்ந்து இறக்கினான்," என்றாள் ட்வைலா. "அவ்ளோ பெரிய ஆளு. ஒரு கோழி கனம்கூட இல்லன்னு அழுதான்." பிறகு கை நீட்டி வாசல் விளக்கை அணைத்தாள். "வா, உன் வண்டிகிட்ட விட்டுடறேன்."

மறுநாள் ஆர்டிஸ் டார்பியைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டா சொல்லல?"

"நீ கேக்கலையே."

மிச்சத்தை அதே பையில்தான் இறக்கினாள். இந்த முறை ஒவ்வொரு துண்டும் தன் முழுக்கனத்தோடு வந்தது. பிரித்துப் பிரித்துச் சின்னச் சின்னச் சுமையாக, மரத்துக்கு மரம் நின்று, ரோலோவின் வம்சத்தையே வைதுகொண்டு, வடக்குச் சரிவில் பாலம்வரை. சட்டம் கனத்தை இடுப்பில் ஒழுங்காக இறக்கியது. தோள் தாங்கியது. நல்ல பை என்று இப்போதும் சொல்கிறாள். நாய் அதன்மேல்தான் தூங்குகிறது.

நவம்பர் கடைசியில் நன்றி நாள் விருந்துக்கு ஜனெல் வந்தாள். வந்ததும் அம்மாவை அணைக்குமுன் உறைபெட்டியைத் திறந்தாள்.

"யாரும் உதவி பண்ணலியே?"

"இதுல இருக்கிற ஒவ்வொரு துண்டும் நான் தனியாத் தூக்கினது."

ஜனெல்லும் இந்த ஊர்க்காரிதான், எல்க்குக்கு எத்தனை கால் என்று தெரிந்தவள். பொட்டலங்களைப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள்.

"ஒரு பின்னந்தொடைதாம்மா இருக்கு. இன்னொன்னு எங்கே?"

ஆர்டிஸ் உறைபெட்டியின் மூடியை மெல்லச் சாத்தினாள்.

"ஸ்போகேன் போனா மரியாதை மறந்துடுமா? எங்கேன்னு கேப்பாங்களாடி?"