ஆறு மடிப்பு சார்

கார் சீட்டு தைக்க ஒரு தையல் மெஷின் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? விவரம் தெரிந்தவருக்கு ஒரு மணி நேரம். தெரியாதவருக்கு இரண்டு. நம் ஆளுக்கு ஏழு மாதம் ஆயிற்று.

இத்தனைக்கும் ஆள் விவரம் கெட்டவர் அல்ல. முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்கா வீட்டு மாடியிலேயே காலம் ஓடிவிட்டது. அக்காவின் இரண்டு பெண்களையும் பள்ளிக்கூடம், பல் டாக்டர், நீச்சல் வகுப்பு என்று தன் காரின் பின்சீட்டில் வைத்து ஊரெல்லாம் சுமந்தவர். பெண்கள் கல்யாணமாகிப் போனார்கள். போன வருஷம் அக்காவும் முழங்கால் வலியோடு பெரியவள் வீட்டுக்குப் போய்விட்டாள். கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. காரில் மிஞ்சியது அந்தக் கிழிந்த பின்சீட்டு.

"நீ வர்றதுக்குள்ள சீட்டைப் புதுசாக்கி வெச்சிடறேன்க்கா" என்று போனில் சொன்னார்.

"ஆமாண்டா, நான் வந்து ஊர்வலம் போகப் போறேன்" என்று அக்கா சிரித்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை தையல் மெஷின் கடைக்குப் போனார். பையில் ஒரு துண்டு ரெக்சின் இருந்தது. சீட்டின் மூலையில் ரெக்சினும் ஃபோமும் அடித்துணியும் மடிந்து ஆறு மடிப்பாகிவிடும். அதே கனத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தார். கடைக்காரம்மா வீட்டு உபயோக மெஷின் ஒன்றில் வைத்துத் தைத்துக் காட்டினாள். இரண்டு அங்குலம் போய் ஊசி படக்கென்று ஒடிந்தது.

"இது ஜாக்கெட் தைக்கிற மெஷின் சார். உங்களுக்கு வாக்கிங் ஃபுட் வேணும். மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்து இழுக்கும்."

"அடுத்த வாரம் வந்து பாக்கறேன்மா."

அடுத்த வாரம் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். ஒரு மெஷினின் மோட்டார் காலை வைத்ததும் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது என்றார். இன்னொன்றில் தையல் குட்டையாக விழுகிறது என்றார். அவளும் சளைக்காமல் காட்டினாள். நடுவில் தன் மாமியாரைப் பற்றிப் புலம்பினாள், அவரிடம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதை கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். 'ஆறு மடிப்பு சார்' என்று பெயரும் வைத்தாள். மற்ற ஆறு நாளும் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி டி.வி.யைத் திட்டியது. மெஷினை வாங்கிவிட்டால் சனிக்கிழமை போய்விடும். அந்தப் பயம்தான் ஏழு மாதத்தை இழுத்தது, வேறொன்றுமில்லை.

கடைசியில் அவளே இடுப்பில் கைவைத்து நின்றாள். "இனிமே காட்டறதுக்கு என் தலைதான் பாக்கி சார். இந்தச் சின்ன வாக்கிங் ஃபுட்டை எடுத்துக்குங்க. ஆறு மடிப்பை வெண்ணெய் மாதிரி தைக்கும்."

வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டார்.

அவள் சொன்னது பொய்யில்லை. ஒன்பதே நாளில் சீட்டு முடிந்துவிட்டது. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. சனிக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு, போக இடமில்லாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த சனிக்கிழமை காலை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கீழ்நூலைப் பிடிக்கும் கொக்கியின் ஸ்க்ரூக்களை மூன்று திருப்பு திருப்பிவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் திருப்பினார். மெஷினை முன்சீட்டில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனார்.

"தையலே விழமாட்டேங்குதும்மா. என்னன்னே புரியலை" என்றார், முப்பத்திரண்டு வருஷ மெக்கானிக்.

"அச்சச்சோ!" என்று அவள் பதறிப்போனாள். "நான் வித்த மெஷினா இப்படி? என் மானமே போச்சு." மாமியார் கதை இல்லை, சிரிப்பு இல்லை. குனிந்த தலை நிமிராமல் கொக்கியைச் சரிபார்த்து, ஸ்க்ரூக்களுக்கு ஒரு சிவப்புப் பசையைத் தடவி முடுக்கினாள்.

"இனி ஜென்மத்துக்கும் லூஸ் ஆகாது சார். பயப்படாதீங்க."

அவளே மெஷினைத் தூக்கி வந்து காரின் பின்சீட்டில் வைத்தாள். புதுச் சீட்டில் முதன்முதலாக ஏறியது அதுதான். "தையல் பிரமாதம் சார்! வயசு காலத்துல இவ்வளவு தூரம் அலையாதீங்க. ஏதாவதுன்னா போன் பண்ணுங்க, போன்லயே சொல்லிடறேன்."

நல்ல மனசுதான். தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை.

அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கடைக்குப் போன் செய்தார்.

"சொல்லுங்க சார், மெஷினுக்கு என்ன ஆச்சு?" அவள் பின்னால் யாரோ வாடிக்கையாளர் ஊசி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆகலைம்மா. நல்லா ஓடுது."

"அப்புறம் என்ன சார்?"

"இல்ல... நல்லா ஓடுதுன்னு சொல்லலாமேன்னுதான்."